ரயில்வே கேட்டுக்குப் பதிலாக எதைக் கேட்பது? நான்கு வழிகளின் ஒப்பீடு

ஊரோரம் ரயில்வே கேட் உள்ள இடங்களில் இந்தத் தகராறு என்றைக்காவது வந்தே தீரும். சுரங்கப்பாதை கட்டித் தருகிறோம், கேட்டை எடுத்துவிடுகிறோம் என்று ரயில்வே சொல்லும். "ஐப்பசி மழையில் மூழ்கிவிடும், மேம்பாலம்தான் வேண்டும்" என்று ஊரில் பாதிப் பேர் சொல்வார்கள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வயல் உள்ளவர்கள் இரண்டும் வேண்டாம், கேட்டே இருக்கட்டும் என்பார்கள். எதில் கையெழுத்துப் போடுவது என்று ஊராட்சித் தலைவர் தயங்குவார். வருஷம் ஓடும். கேட் அப்படியே இருக்கும்.

2025 ஜூலை 8 காலையில், கடலூருக்கும் ஆலப்பாக்கத்துக்கும் நடுவிலுள்ள செம்மங்குப்பம் கேட்டில் பள்ளி வேன் ஒன்றின் மீது விழுப்புரம்–மயிலாடுதுறை பாசஞ்சர் ரயில் மோதியது. மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அன்று ரயில்வே வெளியிட்ட அறிக்கையில் ஒரு தகவல் இருந்தது: அதே இடத்தில் முழுக்க ரயில்வே செலவில் சுரங்கப்பாதை கட்ட ஏற்கெனவே ஒப்புதல் ஆகியிருக்கிறது, மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி ஓராண்டாக வரவில்லை என்று. தாமதம் யாருடையது என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. ரயில்வே சொன்னபடி பார்த்தால் திட்டமும் பணமும் தயாராக இருந்தன. கேட் மட்டும் சிக்னலோடு இணைக்கப்படாமல், போன் பேச்சை நம்பி இயங்கிக்கொண்டிருந்தது.

ஆகவே எந்த வழி நல்லது என்று பார்க்கும்போது, அது கட்டி முடியும் வரைக்கும் உள்ள வருஷங்களையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். வழக்கமான ஒப்பீடுகளில் விட்டுப்போவது அதுதான்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி, ஆபத்து முற்றாகப் போகிறதா, குறைய மட்டும் செய்கிறதா என்பது. ரயிலும் வண்டியும் ஒரே தரையில் சந்திக்கும் வரை ஆபத்தைக் குறைக்கலாம், ஒழிக்க முடியாது.

இரண்டாவது, காலம். இன்று மனு கொடுத்தால் எப்போது வேலை முடியும்? அதுவரை அந்த வழியில் போகும் பிள்ளைகளுக்கு என்ன பாதுகாப்பு?

மூன்றாவது, பணம். கட்டுவதற்கு யார் தருகிறார்கள் என்பதை எல்லோரும் கேட்கிறார்கள். கட்டிய பிறகு விளக்குக்கும் மோட்டாருக்கும் கரண்ட் பில் யார் கட்டுவது, சேறு யார் அள்ளுவது என்பதைத் திறப்பு விழாவுக்குப் பிறகுதான் கேட்கிறார்கள்.

நான்காவது, யாரெல்லாம் அதில் போக முடியும். கார் போனால் போதும் என்று முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் காரில் போகிறவர்கள். கதிர் அறுக்கும் இயந்திரம், வைக்கோல் ஏற்றிய டிராக்டர், கரும்பு லாரி, போர்வெல் வண்டி, 108 ஆம்புலன்ஸ், ஆட்டு மந்தை, ரேஷன் கடைக்கு நடந்து போகும் பாட்டி எல்லாரும் அந்த வழியில்தான் வருகிறார்கள். சுடுகாடு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தால் பாடை போகும் வழியும் அதுதான்.

கடைசியாக நிலமும் நீரும். எவ்வளவு நிலம் எடுக்க வேண்டும், மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும்.

## பணம் எங்கிருந்து வருகிறது

கோரிக்கை எந்த மேஜைக்குப் போகும் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் ஒரே ஓர் எண்தான். டி.வி.யு. என்று ரயில்வேக்காரர்கள் சொல்வார்கள். ஒரு நாளில் அந்தக் கேட்டைக் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையை, கடக்கும் வண்டிகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் வருவது. லாரி, பஸ், கார் ஒரு முழு அலகு. இருசக்கர வாகனம் முழு அலகாகக் கணக்கில் வராது. நடந்து போகிறவர் கணக்கிலேயே இல்லை.

ஒரு கேட்டில் தினம் 20 ரயில், 600 வண்டி என்று வைத்துக்கொள்வோம். டி.வி.யு. 12,000. மேம்பாலத்துக்கு ரயில்வேயும் மாநில அரசும் பாதிப் பாதி செலவைப் பகிர்ந்துகொள்ளும் விதி, நெடுங்காலமாக, 1 லட்சம் டி.வி.யு.வைத் தாண்டிய கேட்டுகளுக்கு உரியது. 20 ரயில் ஓடும் ஒற்றைப் பாதையில் லட்சத்தைத் தொட 5,000 வண்டிகள் போக வேண்டும். கிராமத்துக் கேட்டில் அது நடக்காது. தாம்பரம் பக்கத்தில் எளிதாகத் தாண்டிவிடும். கிராமங்களுக்கு மேம்பாலம் ஏன் வருவதில்லை என்ற கேள்விக்குப் பாதி பதில் இந்தப் பெருக்கலில் இருக்கிறது.

லட்சத்துக்குக் கீழே உள்ள கேட்டுக்கு இரண்டு வழி உண்டு. கேட்கும் தரப்பு (மாநில அரசோ உள்ளாட்சியோ) முழுச் செலவையும் முன்கூட்டி ரயில்வேயிடம் கட்டுவது ஒன்று. எந்த ஊராட்சிக்கும் அதற்குக் கையில் பணம் இருக்காது. பாதுகாப்புக் காரணத்துக்காக ரயில்வே தன் செலவிலேயே எடுத்துச் செய்வது மற்றொன்று. அப்படி எடுத்துச் செய்யும்போது அவர்கள் பெரும்பாலும் முன்வைப்பது குறைந்த உயரச் சுரங்கப்பாதையைத்தான்.

ரயில்வேயின் அந்தப் பணம் எங்கிருந்து? 2017-18-இல் ஐந்தாண்டுக்கு 1 லட்சம் கோடி ரூபாய் என்று பாதுகாப்புக்கென ஒரு தனி நிதியம் தொடங்கப்பட்டு, பிறகு நீட்டிக்கப்பட்டது. அப்புறம், பெட்ரோல் டீசலில் வசூலாகும் சாலை, உள்கட்டமைப்பு செஸ் என்ற கூடுதல் வரியில் ஒரு பங்கு ரயில்வேயின் பாதுகாப்புப் பணிகளுக்குப் போகிறது. கேட்டுகளுக்கு மாற்றாகப் பாலம் கட்டுவது அதில் சேர்ந்ததுதான். கேட்டில் நின்று காத்திருக்கும் டூவீலர்காரர் பெட்ரோல் போட்டபோதே தன் பங்கைக் கட்டிவிட்டார். மனு எழுதும்போது இதை மனதில் வைத்துக்கொண்டால் கெஞ்சும் தொனி தானாகப் போய்விடும்.

தேசிய நெடுஞ்சாலையில் உள்ள கேட் என்றால் கதை வேறு. 2016 மார்ச்சில் தொடங்கிய சேது பாரதம் திட்டத்தில் 208 பாலங்கள் என்று மத்திய சாலைத் துறையே எடுத்துக்கொண்டது. உங்கள் சாலை தேசிய நெடுஞ்சாலையா, மாநிலச் சாலையா, ஊராட்சிச் சாலையா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். அதைப் பொறுத்துத்தான் அலுவலகம் மாறும். எம்.பி. தொகுதி நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய், முழுத் தொகுதிக்கும். மேம்பாலத்துக்கு அதை நம்ப முடியாது. இணைப்புச் சாலை, விளக்கு போன்ற துண்டு வேலைகளுக்குக் கேட்டுப் பார்க்கலாம்.

## முதல் வழி: கேட் இருக்கட்டும், இன்டர்லாக் செய்யுங்கள்

சாதாரணக் கேட்டில் நடப்பது இது. ரயில் வரப்போகிறது என்று ஸ்டேஷன் மாஸ்டர் போனில் சொல்வார். கேட் கீப்பர் கேட்டை மூடிவிட்டு, மூடியதற்கு அடையாளமாக ஒரு பிரைவேட் நம்பர் சொல்வார். அதைக் குறித்துக்கொண்டு ரயில் விடப்படும். அந்த எண் சரியாகச் சொல்லப்பட்டது என்பதால் கேட் உண்மையில் மூடியிருக்கிறது என்று ஆகிவிடாது. களைப்பு, மறதி, தூக்கம் எதுவும் நடுவில் புகலாம்.

இன்டர்லாக் செய்த கேட்டில் கேட்டுக்கும் சிக்னலுக்கும் பூட்டு இருக்கிறது. கேட் மூடிப் பூட்டினால்தான் ரயிலுக்கு சிக்னல் விழும். சிக்னல் விழுந்த பிறகு ரயில் கடக்கும் வரை கேட்டைத் திறக்க முடியாது. மூட மறந்தால் லோகோ பைலட்டுக்குச் சிவப்புத்தான் தெரியும், ரயில் வெளியே நிற்கும். மனிதர் தவறினாலும் விபத்தாக மாறாமல் தாமதமாக மாறும். இந்த ஒரு வேறுபாட்டின் மதிப்பைக் குறைத்துப் பார்க்கவே கூடாது.

நாட்டில் 11,000-க்கும் மேற்பட்ட கேட்டுகள் இப்படி இணைக்கப்பட்டுவிட்டன. ஆளுள்ள கேட்டுகள் மொத்தம் சுமார் 17,000. மிச்சம் எத்தனை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்பு 20,000 டி.வி.யு. இருந்தால்தான் கட்டாயம் என்று இருந்ததை, செம்மங்குப்பத்துக்குப் பிறகு 10,000 என்று இறக்கியிருக்கிறார்கள். மேலே சொன்ன 12,000 டி.வி.யு. கேட் முன்பு வரம்புக்குள் வராது, இப்போது வரும். கேட்டுகளில் சிசிடிவி பொருத்தவும், கேட் கீப்பர்–ஸ்டேஷன் மாஸ்டர் பேச்சுப் பதிவைத் தினமும் சோதிக்கவும் அப்போது உத்தரவானது.

நிலம் எடுக்க வேண்டியதில்லை, கலெக்டரின் சான்றுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, பணம் முழுக்க ரயில்வேயுடையது. நான்கு வழிகளில் விரைவாக முடியக்கூடியது இதுதான்.

மறைந்திருக்கும் விலை ஊரின் நேரத்தில் இருக்கிறது. சிக்னல் போடுவதற்கு முன்பே கேட் மூட வேண்டும் என்பதால், போன் முறையைவிடச் சற்று முன்னதாகவே மூடிவிடுவார்கள். காத்திருப்பு கூடும். ஒரு லாரி கேட்டில் இடித்துவிட்டால் சிக்னல் விழாது. ரயிலும் நிற்கும், சாலையும் நிற்கும். பிரசவ வலியோடு போகும் ஆம்புலன்ஸுக்கு இன்டர்லாக்கிங் எந்த வழியும் விடாது. இரட்டைப் பாதை வந்து ரயில்கள் கூடும்போது கேட் மூடியிருக்கும் நேரமும் கூடிக்கொண்டே போகும். சென்னை–கன்னியாகுமரி வழித்தடத்தில் இரட்டைப் பாதை முடிந்த பிறகு அந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

ரயில்வேக்கும் செலவு ஓயாது. மூன்று ஷிப்டுக்கு மூன்று பேர், விடுப்புக்கு மாற்று ஆள், வருஷா வருஷம். அனில் ககோட்கர் தலைமையிலான பாதுகாப்புக் குழு 2012-இல், எல்லாக் கேட்டுகளையும் ஐந்தாண்டில் ஒழிக்க வேண்டும் என்றும், அதற்கு 50,000 கோடி ரூபாய் ஆகும், ஆனால் மிச்சமாகும் செலவிலேயே ஏழெட்டு ஆண்டில் அந்தப் பணம் திரும்பிவிடும் என்றும் சொன்னது. பத்தாண்டுக்கு மேலாகிவிட்டது. அந்த வாதம் இன்றும் செல்லும்.

## இரண்டாம் வழி: குறைந்த உயரச் சுரங்கப்பாதை

ரயில்வேக்கு மிகவும் பிடித்த வழி. காரணம் எளிது. கான்கிரீட் பெட்டிகளை முன்னதாகவே வார்த்து வைத்துக்கொண்டு, சில மணி நேரம் ரயில்களை நிறுத்தி, கரையை வெட்டி உள்ளே இறக்கிவிடலாம். மேம்பாலத்தின் செலவில் ஒரு சிறு பகுதிதான் ஆகும். நிலமும் அதிகம் வேண்டாம். ஆபத்து முற்றாகப் போய்விடுகிறது. ரயிலும் வண்டியும் இனிச் சந்திக்கவே போவதில்லை.

2018 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தின் குஷிநகரில் ஆளில்லாக் கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி 13 குழந்தைகள் இறந்த பிறகு, ஆளில்லாக் கேட்டுகளை ஒழிக்கும் வேலை முடுக்கிவிடப்பட்டது. 2019 ஜனவரிக்குள் அகலப் பாதையில் ஒன்றுகூட இல்லாமல் ஆக்கினார்கள். அதில் பெரும் பங்கு இத்தகைய சுரங்கப்பாதைகளுக்கு உண்டு. எத்தனையோ உயிர்களைக் காத்த வேலை அது. அந்த வேகத்தில் வடிகால் பின்னுக்குப் போன இடங்களும் உண்டு.

அந்தக் குறையும் உயிர் வாங்கியிருக்கிறது. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூர் ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் சிக்கி, ஒரு பெண் மருத்துவர் இறந்தார். ரயிலிடமிருந்து காப்பாற்றக் கட்டிய வழி அது. "மழையில் மூழ்கிவிடும்" என்று சொல்லும் ஊர்க்காரரை முன்னேற்றத்துக்கு எதிரி என்று ஒதுக்குவது தவறு. அவர் சொல்வது பாதுகாப்பைப் பற்றித்தான்.

ஆனால் எல்லாச் சுரங்கப்பாதையும் மூழ்குவதில்லை. பார்க்க வேண்டியது தண்டவாளத்தின் கரை உயரம். சுற்றியுள்ள வயலைவிடத் தண்டவாளம் நாலைந்து மீட்டர் உயரத்தில் ஓடுகிறது என்றால், பாதையின் தரை ஏறக்குறைய வயல் மட்டத்திலேயே அமையும். தண்ணீர் வாய்க்காலுக்குத் தானாக வடியும். அங்கே சுரங்கப்பாதையை மறுப்பது வீண். தண்டவாளமும் வயலும் ஒரே மட்டம் என்றால் பாதை பூமிக்குள் பள்ளமாக இறங்கும். காவிரிக் கடைமடையிலும் கடலூர்க் கடற்கரையோரத்திலும் நிலத்தடி நீரே மேலாக இருக்கும்; மழை இல்லாத மாதத்திலும் சுவரில் ஊறும். அங்கே மோட்டார் இல்லாமல் ஒரு நாளும் நடக்காது. மோட்டார் என்றால் கரண்ட், கரண்ட் என்றால் பில், பில் என்றால் பொறுப்பு. புயலடிக்கும் இரவில், பாதை மிகவும் தேவைப்படும் நேரத்தில், கரண்ட் இருக்காது. ஜெனரேட்டரும் அதற்கு ஆளும் வேண்டும்.

இதற்கு ரயில்வேயிடமே தீர்வுகள் இருக்கின்றன. இறங்கும் சாய்தளத்தின் மேல் கூரை, வெளி நீர் உருண்டு வராமல் நுழைவில் ஒரு மேடு, குறுக்கு வடிகால், நீர் சேரும் கிணறு, பெட்டி இணைப்புகளில் கசிவுத் தடுப்பு. இவை மதிப்பீட்டில் முதலிலேயே இருந்தால் நல்ல சுரங்கப்பாதை கிடைக்கும். பிறகு சேர்ப்போம் என்றால் பெரும்பாலும் சேர்க்கப்படுவதில்லை.

உயரம் அடுத்த சிக்கல். பல இடங்களில் நாலு மீட்டருக்கும் குறைவு. வைக்கோல் டிராக்டர் இடிக்கும். போர்வெல் வண்டி போகாது. தீயணைப்பு வண்டி உள்ளே வருமா என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை. ஊரில் வேறு வழி இல்லை என்றால் அறுவடைக் காலத்தில் இயந்திரத்தைச் சுற்றுவழியில் கொண்டுவரும் கூடுதல் வாடகையை விவசாயி கொடுக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவு எந்த அரசுக் கணக்கிலும் ஏறாது.

ஒற்றைப் பாதை ஊர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. நாளை இரட்டைப் பாதை வரும் வாய்ப்பிருந்தால் பெட்டியின் நீளத்தை இப்போதே அதற்கும் சேர்த்துக் கேளுங்கள். இல்லாவிட்டால் இதே தோண்டலை மறுபடி பார்க்க வேண்டி வரும்.

## மூன்றாம் வழி: மேம்பாலம்

எல்லோரும் விரும்புவது. மழை கவலை இல்லை, உயரத் தடை இல்லை, காத்திருப்பு இல்லை, ரயில் ஆபத்து இல்லை.

விலை முதலில் நிலத்தில் தெரியும். மின்கம்பிக்கு மேலே பாலம் போக வேண்டும் என்பதால் சாலை எட்டு மீட்டர் அளவுக்கு ஏற வேண்டும். முப்பது அடிக்கு ஓர் அடி ஏற்றம் என்று வைத்தால் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய கால் கிலோமீட்டர் சாய்தளம். அந்த அரை கிலோமீட்டரில் இருக்கும் வீடுகள், கடைகள், கோயில் மதில், பேருந்து நிறுத்தம் எல்லாம் கணக்கில் வரும். 2013-ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டப்படி இழப்பீடு தர வேண்டும், தரவும்தான் வேண்டும். ஆட்சேபணை, வழக்கு, இடைக்காலத் தடை என்று அது தனிப் பயணம்.

பாதிப் பாதி ஏற்பாட்டில் இன்னொரு கோளாறு உண்டு. தண்டவாளத்துக்கு மேலுள்ள பகுதியை ரயில்வே கட்டும். இரு பக்கச் சாய்தளத்தை மாநில நெடுஞ்சாலைத் துறை கட்டும். ஒரு தரப்பு முடித்துவிட்டு மற்றத் தரப்புக்காகக் காத்திருக்கும் பாலங்களைத் தமிழ்நாட்டில் ரயிலில் போகிற எவரும் பார்த்திருப்பார்கள். நிலம் கைக்கு வந்த பக்கம் முதலில் முடியும். சென்னையை ஒட்டிய பெருங்களத்தூர் மேம்பாலம் ஒவ்வொரு பக்கச் சாய்தளமாகத்தான் திறக்கப்பட்டது.

நடப்பவர்களையும் மறந்துவிடுகிறோம். பத்து மீட்டர் தண்டவாளத்தைக் கடக்க அரை கிலோமீட்டர் ஏறி இறங்குங்கள் என்றால் பள்ளிப் பிள்ளையும் பால் கொண்டு போகும் அம்மாவும் தண்டவாளத்தில்தான் இறங்குவார்கள். அங்கே இப்போது கேட்டும் இல்லை, கேட் கீப்பரும் இல்லை. வண்டிக்காரருக்குப் பாதுகாப்பு வந்து, நடப்பவரின் ஆபத்து முன்பைவிடக் கூடிப்போகும். மேம்பாலம் கேட்டால், அதே மதிப்பீட்டில் நடப்பவர்களுக்கான சிறு சுரங்கப்பாதையோ, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் சாய்வோடு கூடிய படிக்கட்டோ சேர்த்துக் கேட்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

பாலத்துக்கு அடியில் போய்விடும் கடைகளின் வியாபாரம் படுக்கும் என்பதும் உண்மை. கடைக்காரர்கள் எதிர்ப்பதில் வியப்பில்லை. அவர்களோடு வரைபடம் போடும்போதே பேசாவிட்டால் நீதிமன்றத்தில் பேச வேண்டி வரும்.

## நான்காம் வழி: மூடிவிட்டு மாற்றுச் சாலை

வண்டி அதிகம் போகாத கேட், ஒரு கிலோமீட்டருக்குள் வேறு பாலம் இருக்கிறது என்றால் இதை யோசிக்கலாம். ரயில்வேக்கு மிச்சம். ஊருக்கு ஆபத்து போகும். விலை முழுவதையும் கொடுப்பது அந்தப் பக்கம் நிலமும் உறவும் உள்ள சில குடும்பங்கள். அவர்கள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் கூட்டத்தில் அவர்கள் குரல் அமுங்கிப்போகும்.

அமெரிக்காவில் இதை வெளிப்படையாகப் பேரம் ஆக்கியிருக்கிறார்கள். ஒரு கேட்டை நிரந்தரமாக மூடச் சம்மதிக்கும் உள்ளாட்சிக்குத் தரும் ஊக்கத்தொகையின் உச்சவரம்பை 2021 உள்கட்டமைப்புச் சட்டம் 7,500 டாலரிலிருந்து 1,00,000 டாலராக உயர்த்தியது. அதே சட்டத்தில் கேட்டுகளை ஒழிப்பதற்கென்றே ஐந்தாண்டுக்கு 300 கோடி டாலர் தனி மானியமும் உண்டு. நம் ஊராட்சிகள் இதில் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம், சம்மதத்துக்கு ஒரு மதிப்பு உண்டு என்பது. சும்மா கையெழுத்துப் போட வேண்டாம். தண்டவாளத்தை ஒட்டி அடுத்த பாலம் வரை தார்ச்சாலை, விளக்கு, பள்ளிப் பேருந்து புது வழியில் வருவதற்கு ஏற்பாடு: இவை முடிந்த பிறகே மூடல் என்று நிபந்தனை வையுங்கள்.

## ஒரே பார்வையில்

| | இன்டர்லாக்கிங் | சுரங்கப்பாதை | மேம்பாலம் | மூடல் |
|---|---|---|---|---|
| ஆபத்து | குறையும் | போகும் (வெள்ள ஆபத்து வரலாம்) | போகும் (நடப்பவருக்கு வழி இருந்தால்) | போகும் (மக்கள் குறுக்கே இறங்காவிட்டால்) |
| காலம் | குறைவு | நடுத்தரம் | நீண்டது | மாற்றுச் சாலையைப் பொறுத்தது |
| கட்டும் பணம் | ரயில்வே | பெரும்பாலும் ரயில்வே | ரயில்வே + மாநிலம் | மாற்றுச் சாலைக்கு யார் என்று பேசியாக வேண்டும் |
| பிறகு வரும் செலவு | ஆள் சம்பளம், காத்திருப்பு | மோட்டார், சேறு, விளக்கு | பராமரிப்பு, விளக்கு | தினசரிச் சுற்றுவழி |
| அதிகம் பாதிக்கப்படுவோர் | அவசரத்தில் போவோர் | விவசாய இயந்திரம் வைத்திருப்போர், தாழ்நில மக்கள் | நிலம் இழப்போர், கடைக்காரர், நடப்பவர் | அந்தப் பக்கம் வயல் உள்ளோர் |

## எந்த ஊருக்கு எது

தண்டவாளக் கரை உயரமாக இருக்கும் கிராமம் என்றால் சுரங்கப்பாதைக்குத் தயங்காமல் சம்மதியுங்கள். உயரத்தை மட்டும் அளந்து வாங்குங்கள்.

தாழ்நிலம், டெல்டா, ஏரிக்குக் கீழுள்ள ஊர் என்றால் சுரங்கப்பாதை கடைசித் தெரிவாக இருக்கட்டும். அங்கே இன்டர்லாக் செய்த கேட்டை வைத்துக்கொண்டு மேம்பாலத்துக்குப் போராடுவதே என் பரிந்துரை. லட்சம் டி.வி.யு. வராத இடத்தில் அந்தப் போராட்டம் நீளும் என்பதையும் தெரிந்துகொண்டே சொல்கிறேன். மூழ்கும் பாதையால் ஊர் துண்டுபடுவதைவிடக் கேட்டில் கால் மணி நேரம் நிற்பது மேல்.

நகரத்தின் ஓரம், பஸ் போகும் சாலை, இரட்டைப் பாதை என்றால் மேம்பாலம்தான், நடப்பவர்களுக்கான வழியோடு. ரயில் பாதை பள்ளத்திலும் சாலை மேட்டிலும் உள்ள இடமானால் மேம்பாலத்தின் சாய்தளம் குறுகிவிடும். சின்ன ஊருக்கும் அது கட்டுப்படியாகலாம்.

நாளுக்குச் சில வண்டிகள் மட்டும் போகும் கேட், பக்கத்திலேயே பாலம்: மூடலாம். அந்தப் பக்கம் சுடுகாடோ பள்ளியோ இருந்தால் வண்டி எண்ணிக்கையை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

இந்த நான்கில் ஊர் எதைத் தேர்ந்தாலும், கேட் இன்னும் இன்டர்லாக் ஆகவில்லை என்றால் அதை உடனே கேளுங்கள். "பாலம் வரப்போகிறது, இப்போது எதற்கு வீண் செலவு" என்று அதிகாரி சொல்லக்கூடும். பாலம் வரும் வரை ஓடும் ஒவ்வொரு ரயிலுக்கும் அந்தச் செலவு தேவைதான். இது ஐந்தாவது வழி இல்லை. நான்கு வழிக்கும் பொதுவான முதல் படி.

## தீர்மானத்தில் என்ன எழுதுவது

முதலில் உங்கள் கேட்டின் எண், அது இன்டர்லாக் ஆனதா இல்லையா, கடைசி வண்டிக் கணக்கெடுப்பு எப்போது, டி.வி.யு. எவ்வளவு, சுரங்கப்பாதைக்கோ பாலத்துக்கோ ஏற்கெனவே ஒப்புதல் இருக்கிறதா, யாருடைய சான்று பாக்கி என்று கோட்ட ரயில்வே மேலாளர் அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். விழுப்புரம்–மயிலாடுதுறை பக்கம் என்றால் அது திருச்சி கோட்டம். மதுரை, சேலம், சென்னைக்குத் தனித் தனிக் கோட்டங்கள் உண்டு. பள்ளி விடுமுறையில் கணக்கெடுத்திருந்தால் எண் குறைவாகத்தான் வந்திருக்கும். பள்ளி நாளில், அறுவடைக் காலத்தில் மறுகணக்கெடுப்பு கேட்க அதுவே நல்ல காரணம்.

அப்புறம் கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று தேதிகள் எல்லோருக்கும் தெரியும். "மேம்பாலம் வேண்டும்" என்ற ஒற்றை வரித் தீர்மானத்தால் பயன் குறைவு. இடைக்காலத்தில் இன்டர்லாக்கிங், ஊர் தேர்ந்த நிரந்தர வழி, அதற்கான நிபந்தனைகள் (உயரம், கூரை, வடிகால், மோட்டார், ஜெனரேட்டர், நடப்பவர் வழி), கட்டிய பிறகு எந்தச் செலவு யாருடையது, இத்தனையும் எழுத்தில் இருக்கட்டும். மோட்டார் கரண்ட் பில்லை ஊராட்சி தலையில் கட்டும் வாசகம் ஒப்பந்தத்தில் இருந்தால், வருஷத்துக்கு எவ்வளவு வரும் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள். கேட்டுக்குச் சற்றுத் தள்ளிச் சுரங்கப்பாதை வருவதாக இருந்தால், ஒரு வடகிழக்குப் பருவமழை கடந்த பிறகே கேட்டை எடுக்க வேண்டும் என்பதையும் சேருங்கள்.

தீர்மானத்தின் நகலைக் கலெக்டருக்கும் கோட்ட மேலாளருக்கும் ஒரே நாளில், ஒரே கடிதமாக, ஒப்புகை அட்டையுடன் அனுப்புங்கள். பந்து அவர்கள் பக்கம் இருக்கிறது என்று இருவரும் ஒருவரையொருவர் காட்டும்போது, இரண்டு அலுவலகத்திலும் எந்தத் தேதியில் சேர்ந்தது என்பது ஊரின் கையில் இருக்கும்.